பழைய பியூட்டரை இனங்கண்டு பாதுகாப்பாக உருக்குவது எப்படி?

பியூட்டர் என்பது பெரும்பகுதி வெள்ளீயமும், சிறிதளவு ஆண்டிமனியும் செம்பும் சேர்ந்த உலோகக் கலவை. சுமார் 245 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி 300 டிகிரிக்குள் முழுவதும் உருகிவிடும். வெறுமையாக அடுப்பில் வைத்த ஈயச்சொம்பு உருகிப்போவதைக் கண்டவர்களுக்கு இது வியப்பளிக்காது. மலேசியாவில் பரிசுப் பொருள்களாக வழங்கப்பட்ட குவளைகளும் தட்டுகளும், இங்கிலாந்தின் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் நசுங்கிய கோப்பைகளும் நல்ல மூலப்பொருள்கள். அடியில் பழைய முத்திரை இருந்தால், விவரம் அறிந்தவரிடம் காட்டாமல் உருக்க வேண்டாம். ஓர் அரும்பொருளை உருக்கிவிட்டால் மீட்க முடியாது.

உருக்குவதைவிட இனங்காண்பதே பெரிய வேலை, ஏனெனில் பழைய பியூட்டரில் நச்சு உலோகமான காரீயம் கலந்திருக்கக்கூடும். முதலில் பொருளை எடை போடுங்கள். பிறகு தராசின் மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து, அளவைப் பூச்சியமாக்கி, பொருளை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாதவாறு முழுவதும் மூழ்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் கிராம் அளவே அதன் கன அளவு, கன சென்டிமீட்டரில். எடையை அதனால் வகுத்தால் 7.3 அளவில் வருவது நல்ல அறிகுறி. 8-ஐ நெருங்கினால் காரீயம் உண்டென்று கொள்ளலாம், 2.7 அளவில் வந்தால் அது பியூட்டர் போலத் தோன்றும் அலுமினியம். உள்ளே காற்று அடைபட்ட பொருளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. சிறிதளவு காரீயம் இதில் பிடிபடாது என்பதால், மூலம் தெரியாத உலோகத்தில் உண்கலன்களையோ குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களையோ ஒருபோதும் வார்க்கக் கூடாது.

அடுத்த பகை ஈரம். உருகிய உலோகத்துக்குள் சிக்கும் ஒரு துளி நீர் நொடியில் ஆவியாகி விரிந்து, உலோகத்தை முகத்தில் வாரியடிக்கும். குவளைகளின் உள்ளீடற்ற கைப்பிடிகளை அறுத்துத் திறந்துவிடுங்கள். மெழுகுவர்த்தித் தாங்கிகளின் அடியில் எடைக்காக நிரப்பிய சுண்ணச்சாந்து போன்றவற்றையும் அகற்றுங்கள். துண்டுகள், கரண்டி, அச்சு ஆகிய அனைத்தையும் முன்கூட்டியே சூடாக்கி உலர்த்த வேண்டும். உருகிக்கொண்டிருக்கும் பாத்திரத்தில் குளிர்ந்த துண்டைப் போடாதீர்கள்.

திறந்தவெளியில், சமையலுக்கு இனிப் பயன்படாத வார்ப்பிரும்புச் சட்டியில் உருக்குங்கள். முகக்கவசம், தோல் கையுறை, முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய காலணி ஆகியவை கட்டாயம். 320 டிகிரியிலும் இளகாத துண்டு துத்தநாகக் கலவையாக இருக்கலாம். சூட்டைக் கூட்டாமல் இடுக்கியால் எடுத்துவிடுங்கள். சிறிது தேன்மெழுகு இட்டுக் கிளறினால், அழுக்கு மேலே திரளும். அதை வழித்தெடுத்து, மூடியுள்ள தகரக் குப்பியில் சேர்த்து, உலோகக் கழிவாக ஒப்படையுங்கள். மாக்கல்லில் செதுக்கிய அச்சு பல வார்ப்புகளுக்குத் தாங்கும். ஒரு முறை வார்க்கக் கணவாய் மீனின் ஓட்டில் செதுக்கிய அச்சே போதும். மீந்த உலோகத்தைக் கட்டிகளாக ஊற்றி, ஆறிய பின் ஒவ்வொன்றிலும் அது வந்த மூலத்தையும் அடர்த்தியையும் ஆணியால் கீறி, காரீய ஐயமுள்ளவற்றைத் தனிப்பெட்டியில் வையுங்கள்.