ஸ்விட்சில் டிகேம் நிரம்பினால்

ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ செகண்ட் ஹேண்ட் கேட்டலிஸ்ட் 3750 (சிஸ்கோ ஸ்விட்ச்) வைத்துத் தெருத்தெருவாக நெட் லைன் கொடுப்பவர்களுக்கு இது. சிபியு ஏறுகிறது, வேகம் விழுகிறது, கேபிளில் பழுதில்லை என்றால், ஸ்விட்சுக்குள் இருக்கும் டிகேம் (TCAM) என்ற தேடல் நினைவகத்தைப் பாருங்கள்.

சாதாரண ராமில் இடத்தைச் சொன்னால் உள்ளே இருப்பது கிடைக்கும். கேம் (CAM) என்ற நினைவகத்தில் இது தலைகீழ்: தேடுவதைக் கொடுத்தால் எல்லா வரிகளும் ஒரே நேரத்தில் ஒப்பிட்டு, இருக்கும் இடத்தைச் சொல்லும். மேக் முகவரி (ஒவ்வொரு சாதனத்தின் வன்பொருள் முகவரி) முழுதாகப் பொருந்த வேண்டும். அதற்கு 0, 1 போதும். ரூட்டுக்கு (பாக்கெட் எந்தப் பக்கம் போக வேண்டும் என்ற வழிக்கு) 'எதுவானாலும் சரி' என்ற மூன்றாம் நிலையும் தேவை. அது உள்ளதுதான் டிகேம். பின்கோடை நினைத்துக்கொள்ளுங்கள்: 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பக்கம், 600 என்றால் சென்னை, 600013 என்றால் ராயபுரம். மூன்றும் பொருந்தும்போது நீளமானதே எடுக்கப்படும்.

முதலில் 'ஷோ பிளாட்ஃபார்ம் டிகேம் யூட்டிலைசேஷன்' கொடுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் உச்ச அளவும் பயன்பாடும் வரும். நேரடி அல்லாத ரூட் (வேறொரு ரவுட்டர் வழியாகப் போகும் வழி) 2048-ஐ நெருங்கினால் அதுதான் கோளாறு. டிகேமில் இடம் கிடைக்காத ரூட்டின் பாக்கெட்டுகள் சிபியுவிடம் போய்விடும்.

அடுத்து 'எஸ்டிஎம் ப்ரிஃபர் ரூட்டிங்' கொடுங்கள். டிகேமில் எந்தப் பகுதிக்கு எவ்வளவு இடம் என்று பிரிக்கும் டெம்ப்ளேட்டை இது மாற்றும். கான்ஃபிகைச் சேமித்து, ரீலோட் செய்தால்தான் மாறும். ஆகவே நள்ளிரவில் செய்யுங்கள். நேரடி அல்லாத ரூட் 2 கே-யிலிருந்து 8 கே ஆகும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இடம் சும்மா வரவில்லை: மேக் 6 கே-யிலிருந்து 3 கே ஆகிறது, நேரடி ஹோஸ்ட்டும் (ஸ்விட்சோடு நேரடியாக இணைந்த நெட்வொர்க்கில் உள்ள சாதனம்) அப்படியே. இந்த ஸ்விட்சே வீடுகளுக்கு கேட்வே (வெளியே போகும் வாசல்) என்றால், இயங்கும் ஒவ்வொரு வீட்டு ரவுட்டரும் இந்த இரண்டிலும் ஒவ்வொரு வரி எடுக்கும். மேக் பகுதி நிரம்பினால் புதிய முகவரியைக் கற்க முடியாமல், அதற்கான ஃபிரேமை அந்த விலேனின் (ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) எல்லா போர்ட்டிலும் வீசும். ஆகவே மாற்றும் முன் மாலை நெரிசல் நேரத்து மேக், நேரடி ஹோஸ்ட் எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏதேனும் ஒன்று 3,000-ஐத் தாண்டினால் டெம்ப்ளேட்டைத் தொடாதீர்கள்.

அப்போது ரூட்டைச் சுருக்குங்கள். 10.20.0.0 முதல் 10.20.3.0 வரை நான்கு /24-களும் (256 முகவரி கொண்ட தொகுதிகள்) ஒரே பக்கம் போனால், நான்கையும் சேர்த்த ஒரு /22 போதும். 10.20.1.0 முதல் 10.20.4.0 வரை என்றால் எல்லை பொருந்தாது. ஒரே /22-இல் அடங்காது.

எந்த பாக்கெட்டை விடுவது, எதைத் தடுப்பது என்ற பட்டியலான ஏசிஎல்லையும் பாருங்கள். '1023-க்கு மேற்பட்ட போர்ட்' என்ற ஒரே வரி, ரேஞ்சைத் தனியே கையாளும் வசதி இல்லாத சிப்பில் டிகேமில் 6 வரிகளாக விரியும். 1 முதல் 65534 வரை என்றால் 30.