பைப் ஆர்கன் உள்ள ஆலயத்தில் செய்யக் கூடாதவை

கீபோர்டில் பழகிவிட்டு, குழாய்களில் காற்றை ஊதி ஒலிக்கும் பைப் ஆர்கன் பக்கம் வரும் பிள்ளைகளைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் நாங்கள் இந்த வேலைக்கு வந்த புதிதில் பட்ட அடிகளையே அவர்களும் வரிசையாகப் பட்டுக்கொண்டிருக்கிறார்கள். சென்னை புனித ஜார்ஜ் பேராலயம், எழும்பூர் புனித ஆண்ட்ரூஸ் கர்க் என்று தமிழ்நாட்டில் பைப் ஆர்கன் உள்ள ஆலயங்கள் அதிகமில்லை. இருப்பவற்றில் ஒன்று கெட்டாலும், அதைப் போல இன்னொன்று இங்கே வந்து சேரப்போவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வாசிப்பவர் உட்காரும், கட்டைகள் உள்ள கன்சோல் மேல் காபி டம்ளர் வைக்காதே, பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றாதே என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆர்கனை மூடாமல் ஆலயத்துக்கு வெள்ளையடிப்பது

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஆலயத்துக்குப் பெயிண்ட் அடிப்பது நம் ஊர் வழக்கம். இப்போது வெறும் சுண்ணாம்பு அடிப்பதில்லை. பழைய பூச்சைச் சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்கள். அந்தத் தூசி கோலமாவை விட மெல்லியது. கண்ணுக்குத் தெரியாமல் நாள்கணக்கில் மிதந்து, மேலே திறந்த வாயோடு நிற்கும் நூற்றுக்கணக்கான குழாய்களுக்குள் இறங்கும்.

தென்மாவட்டத்தில் ஒரு சபை. டிசம்பர் முதல் வாரம் அங்கே வாசிக்கும் தம்பி ஒருவர் ஃபோன் செய்தார். “அண்ணே, ஆர்கன் கத்திக்கிட்டே இருக்கு. நான் கீயில கையே வைக்கலை.”

“முதல்ல ப்ளோயரை நிறுத்து தம்பி. நான் வர்ற வரைக்கும் யாரும் போட வேண்டாம்.” ப்ளோயர் என்பது ஆர்கனுக்குக் காற்று ஊட்டும் மோட்டார் விசிறி.

போய்ப் பார்த்தால், கன்சோலை மட்டும் தார்ப்பாய் போட்டு அழகாகக் கட்டி வைத்திருந்தார்கள். கட்டைகள் இருக்கும் இடம்தான் ஆர்கன் என்று நினைத்துவிட்டார்கள். அதற்கு மேலே குழாய்கள் அத்தனையும் திறந்து கிடந்தன. சாரம் கட்டிய பலகையின் ஒரு முனை ஆர்கன் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, “உள்ளே போன தூசி ஊதிட்டுப் போயிடும்” என்று யாரோ சொன்ன யோசனையில் ப்ளோயரை அரைமணி நேரம் ஓட விட்டிருந்தார்கள். ப்ளோயர் காற்றை இழுப்பது அதே ஆலயத்துக்குள்ளிருந்துதான். அறையில் மிதந்த தூசி மொத்தமும் காற்றைத் தேக்கும் துருத்திக்கும், குழாய்கள் நிற்கும் காற்றுப்பெட்டிக்கும் போய்ச் சேர்ந்தது.

உள்ளே நடப்பது இதுதான். குழாய்களுக்கு அடியில், காற்றுப்பெட்டிக்குள் வால்வுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் முகத்திலும் தோல் ஒட்டியிருக்கும். கட்டையை விட்டதும் அந்தத் தோல் படிந்து காற்றை அடைக்க வேண்டும். இடையில் ஒரு துகள் சிக்கினால் அடையாது, சுரம் தானாகக் கத்தும். இதைத்தான் சைஃபர் என்கிறோம். விசில் போல ஒலிக்கும் ஃப்ளூ குழாயின் வாயில் காற்று வெளியேறும் இடுக்கு, சிறிய குழாய்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அங்கே தூசி படிந்தால் சுருதி மாறும், சத்தம் மங்கும், சில குழாய்கள் பேசவே பேசாது. ரீட் குழாய்களின் பித்தளை நாக்குக்கு அடியில் ஒரு மணல் போனால் போதும், கரகரப்புதான் வரும். மழைக்கால ஈரம் சேர்ந்தால் எல்லாம் அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

பொருளாளர் என்னிடம் கேட்டார்: “துணி போட்டுத்தானே சார் மூடினோம்?” அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் வாரா வாரம் அந்த ஆர்கனில் உட்காருபவர் சொல்லியிருக்க வேண்டும். குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து, எண் போட்டு, சுத்தம் செய்து திரும்ப வைக்க அந்தச் சபைக்கு ஆன செலவு, பெயிண்ட் செலவை விட அதிகம். அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பாமாலைகளை வாடகைக் கீபோர்டில் வாசித்தார்கள். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் ஒரு நாள் வேலையில் தடுத்திருக்கக்கூடிய நஷ்டம் அது.

தூசியை இவ்வளவு பெரிதாகப் பேசுவானேன் என்று நினைப்பவர்களுக்கு பாரிஸ் நோத்ர தாம் ஆலயத்தைச் சொல்கிறேன். 2019 ஏப்ரல் 15 தீ விபத்தில் அங்கிருந்த பெரிய ஆர்கன் எரியவில்லை. அரிஸ்தீத் கவாயே கோல் 1868இல் புதுப்பித்துக் கட்டிய ஆர்கன் அது. ஆனால் உருகிய ஈயக் கூரையின் தூசி அதன்மேல் படிந்துவிட்டது. அதற்காகவே சுமார் 8,000 குழாய்கள் கொண்ட அந்த ஆர்கனை 2020இல் கழற்றி, சுத்தம் செய்ய வேண்டி வந்தது. ஆலயத்தில் அது மறுபடி ஒலித்தது 2024 டிசம்பரில்.

பெயிண்ட் வேலை வருகிறது என்று தெரிந்தவுடன் செய்ய வேண்டியவை: ஆர்கனை மூடும் செலவையும் கொட்டேஷனிலேயே சேர்க்கச் சொல்லுங்கள், பிறகு கேட்டால் கமிட்டியில் நடக்காது. குழாய்களைத் தொடாதபடி மரச்சட்டம் கட்டி, உள்ளே நெருக்கமான நெசவுள்ள பருத்தித் துணி, வெளியே பிளாஸ்டிக் என்று மேலிருந்து கீழ்வரை மூடுங்கள். ப்ளோயர் காற்று இழுக்கும் வாயைத் தனியாக அடையுங்கள். ப்ளோயரின் ஃபியூஸைப் பிடுங்கி உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் யாராவது ஒருவர் கட்டாயம் சுவிட்சைப் போட்டுப் பார்ப்பார். வேலை முடிந்ததும் பெருக்காமல் வாக்வம் கிளீனரால் தரையை எடுத்து, தூசி அடங்க சில நாள் விட்டு, அப்புறம் திறங்கள். மாதக்கணக்கில் பிளாஸ்டிக்கை அப்படியே விடவும் கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும்.

முகப்புக் குழாய்களுக்குத் தங்க நிறம் அடிப்பது

வேண்டாம்.

மத்தியான வெயிலில் சுருதி சேர்ப்பது

ஆலயம் காலியாக இருப்பது மத்தியானம் என்பதால் அப்போது உட்கார்ந்து சுருதி சேர்க்கிறார்கள். வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் ஃப்ளூ குழாயின் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும். ஒரு அரைச்சுரத்துக்கு 100 சென்ட். காலை ஆராதனையில் 28 டிகிரி, மத்தியானம் 36 டிகிரி என்றால் 24 சென்ட் வித்தியாசம், அரைச்சுரத்தில் ஏறக்குறைய கால் பங்கு. ரீட் குழாய்கள் அந்த அளவுக்கு நகராது, ஏனென்றால் அவற்றின் சுருதியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பித்தளை நாக்கு. அதனால் வெயிலில் ஆர்கன் கெட்டுப்போனது போலக் கேட்கும். புதியவர்கள் பதறி ஃப்ளூ குழாய்களை ஒவ்வொன்றாகத் தட்டிச் சுருதியைக் கீழே இறக்குகிறார்கள். ஞாயிறு காலை குளிர்ந்ததும் அத்தனையும் தாழ்ந்து நிற்கும்.

ஆராதனை நேரத்து வெப்பநிலையில் மட்டும் சுருதி பாருங்கள். சரிசெய்ய வேண்டியது பெரும்பாலும் ரீட்கள்தான். ஃப்ளூ குழாயின் உலோகம் ஈயமும் வெள்ளீயமும் கலந்தது, மிருதுவானது. ஒவ்வொரு தட்டுக்கும் அதன் விளிம்பு கொஞ்சம் தேய்கிறது.

ஏசி போட்ட ஆலயங்களில் இன்னொரு தொல்லை. கீழே குளிர்ந்து, மாடத்தில் இருக்கும் குழாய்கள் சூடாகவே இருக்கும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கக் கதவுகள் வைத்த ஸ்வெல் பெட்டி மூடியிருந்தால், அதற்குள் இருப்பவை ஒரு சுருதி, வெளியே இருப்பவை ஒரு சுருதி. ஆராதனைக்கு முன் பெட்டியின் கதவுகளைத் திறந்து வைத்தால் பாதி சரியாகும். குழாயில் கை வைக்க வேண்டாம்.

குழாயை வெறும் கையால் நடுவில் பிடிப்பது

வியர்வையும் சூடும் ஏறும், அழுத்தினால் நசுங்கும். குழாயின் அடிப்பாகத்தில், துணியோடு பிடிக்கவும்.

துருத்தித் தோலுக்கு வெள்ளைப் பசை

தச்சர் கையில் எப்போதும் இருக்கும் வெள்ளைப் பசை சீக்கிரம் பிடிக்கும், உண்மைதான். ஆனால் பிற்பாடு தோலை மாற்றும்போது அது மரத்தோடு பிய்ந்து வரும். பழைய ஆர்கன்களில் ஒட்டியிருப்பது மாட்டுத்தோலில் காய்ச்சிய வச்சிரம். வெந்நீரும் சூடும் பட்டால் இளகி, மரத்துக்குச் சேதமில்லாமல் விடும். உங்களுக்குப் பின்னால் இன்னொருவர் அதே இடத்தைப் பிரிக்க வேண்டி வரும் என்பதை மனதில் வைத்துத்தான் ஒட்ட வேண்டும். வச்சிரம் எலிக்கும் பிடிக்கும் என்பது உண்மை, அதற்கு எலிப்பொறி வையுங்கள்.

காற்று குறைந்தால் குழாய்மேல் பழி போடுவது

ஆலயத்தில் வயரிங் மாற்றிய பிறகு ஆர்கன் முழுவதும் மூச்சு வாங்கினால், முதலில் ப்ளோயர் சுற்றும் திசையைப் பாருங்கள். மூன்று ஃபேஸ் மோட்டாரில் இரண்டு வயர் இடம் மாறினால் விசிறி தலைகீழாகச் சுற்றும். அப்போதும் காற்று வரும், அழுத்தம்தான் இருக்காது. யு வடிவக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி அளந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பழைய ஆங்கிலேய ஆர்கன்களில் 3 அங்குல நீர்மட்டம், அதாவது 75 மில்லிமீட்டருக்கு அக்கம்பக்கம் இருக்கும். எலெக்ட்ரீஷியன் இரண்டு வயரை மாற்றிப் போட்டால் முடிகிற வேலை. இதற்குப் போய்க் குழாய்களின் வாயை வெட்டி அகலமாக்கியவர்கள் இருக்கிறார்கள்.

கழற்றிய பழைய பாகங்களைக் காயலான் கடைக்குப் போடுவது

உடைந்த ஸ்பிரிங், தேய்ந்த வால்வு, மடங்கிய குழாய் எதையும் எறியாதீர்கள். புதிது செய்ய அதுதான் அளவு. 1823இல் தொடங்கி உலகமெங்கும் ஆர்கன் பாகங்கள் அனுப்பிவந்த ஜெர்மனியின் லவுக்குஃப் நிறுவனமே 2021இல் மூடப்பட்டுவிட்டது. கேட்டலாக்கைப் பார்த்து ஆர்டர் போட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை இனி உதவாது. எலெக்ட்ரானிக் ஆர்கன் வாங்கியதும் பழையதைக் கழற்றச் சொல்லும் கமிட்டிகளிடம், அது இருக்கும் இடத்திலேயே பூட்டிக் கிடக்கட்டும் என்று கேட்டு அனுமதி வாங்குங்கள். எண் போடாமல் கழற்றிய ஆர்கனைத் திரும்ப எழுப்புவது மிகவும் கஷ்டம்.

எழுதி வைக்காமல் கை வைப்பது

ஆர்கன் பெட்டிக்குள் ஒரு கனத்த அட்டை நோட்டு வையுங்கள். தேதி, வெப்பநிலை, எந்த ஸ்டாப் (குழாய் வரிசை), எந்தச் சுரம், என்ன கோளாறு, என்ன செய்தீர்கள். சைஃபர் வந்து தானாகப் போனாலும் எழுதுங்கள். பென்சிலில் எழுதுங்கள், மை ஈரத்தில் கரையும்.