வெர்னே-லெ-பானைச் சுற்றி: மலை மடாலயங்களையும் பழைய ஊர்களையும் பார்ப்பது எப்படி

பிரான்ஸின் தென்கோடியில், ஸ்பெயின் எல்லையை ஒட்டி, 2,784 மீட்டர் உயரக் கானிகூ மலையின் அடிவாரத்தில் இருக்கிறது வெர்னே-லெ-பான். கந்தக வெந்நீர் ஊற்றால் பேர் வாங்கிய சிற்றூர். எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங்கும் மனைவியும் 1910 வாக்கில் இங்கே வந்து தங்கியிருக்கிறார்கள். சுற்றிலும் சுமார் 15 கிலோமீட்டருக்குள் இரண்டு பெரிய மடாலயங்கள், மதில் சூழ்ந்த ஒரு நகரம், பளிங்கு வாசல் வைத்த ஒரு கிராமக் கோயில். தூரம் குறைவுதானே என்று ஒரே நாளில் நான்கையும் முடிக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பூட்டிய கதவுகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். காரணம் மதிய அடைப்பு. இந்தப் பக்கம் பல இடங்களில் 12 மணிக்குச் சாத்தினால் 2 மணிக்குத்தான் திறப்பார்கள். ஒரு நாளைக்கு இரண்டு இடம், மதியத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்பதே சரியான கணக்கு.

பாரிஸிலிருந்து பெர்பிஞானுக்கு அதிவேக ரயிலில் ஏறத்தாழ 5 மணி நேரம். அங்கே உள்ளூர் ரயிலுக்கு மாறி ‘வில்ஃபிரான்ஷ் – வெர்னே-லெ-பான்’ நிலையத்தில் இறங்க வேண்டும். பெயரில் வெர்னே இருந்தாலும் ஊர் அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் மேலே இருக்கிறது. பேருந்து உண்டு, ஞாயிறும் விடுமுறை நாளும் மிகக் குறைவு. கடைசிப் பேருந்தின் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். வழிப்பலகைகளில் பிரெஞ்சுப் பெயரோடு, இந்தப் பகுதியின் மொழியான கத்தலானில் எழுதிய பெயரும் இருக்கும். இரண்டும் ஒரே ஊர்தான்.

வெந்நீர்ச் சிகிச்சைக்காக வருகிறவர்களுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பிரான்ஸில் மருத்துவர் எழுதித் தரும் சிகிச்சை மூன்று வாரம், 18 சிகிச்சை நாட்கள். காலை நேரம் ஒதுக்கப்பட்டால் பிற்பகலும் ஞாயிறும்தான் கையில் இருக்கும். சூடான குளியலை முடித்த கையோடு மலையேறக் கூடாது. இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். ஒரு மணி நேரமாவது படுத்து ஓய்வெடுத்து, தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

சேன்-மார்த்தேன்: ஏறித்தான் ஆக வேண்டும்

இந்தப் பகுதியின் சிகரம் சேன்-மார்த்தேன்-து-கானிகூ மடாலயம். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்தாஞ் பகுதியின் பிரபு கீஃப்ரே எழுப்பியது. 1009-இல் கோயில் அர்ப்பணிக்கப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேலே, செங்குத்துப் பாறையின் விளிம்பில் நிற்கிறது. சொந்தக் காரில் வாசல் வரை போக முடியாது.

வெர்னேயிலிருந்து சுமார் இரண்டரை கிலோமீட்டரில் இருக்கும் கஸ்தேய் கிராமத்தில் வண்டியை நிறுத்துங்கள். அங்கிருந்து சுமார் 300 மீட்டர் ஏற்றம். பாதை கான்கிரீட் போட்டதுதான், ஆனால் சரிவு கடுமை. நன்றாக நடப்பவர்களுக்கு 40 நிமிடம், மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம். உள்ளே வழிகாட்டியுடன்தான் விடுவார்கள், அதுவும் குறித்த நேரங்களில். சுற்று தொடங்கியபின் வந்தால் அடுத்த சுற்றுக்காக வெளியே காத்திருக்க வேண்டியதுதான். சுற்று நேரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் முன்பே கஸ்தேயிலிருந்து கிளம்பினால், வியர்வை அடங்க மேலே பத்து நிமிடம் உட்காரலாம். குளிர்கால நேர அட்டவணை வேறு. கிளம்பும் முன் சரிபாருங்கள். நடக்க முடியாதவர்கள் கட்டண ஜீப் கிடைக்கிறதா என்று வெர்னே சுற்றுலா அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்கலாம்.

ஏறும்போது சட்டை நனைந்துவிடும். உள்ளே கல் மண்டபம் கோடையிலும் சில்லென்று இருக்கும். மாற்றுச் சட்டையோ மெல்லிய கம்பளியோ ஒன்று எடுத்துப் போங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். அரை லிட்டர் தண்ணீர் போதாது, ஆளுக்கு ஒரு லிட்டர்.

ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கோயில்கள் கட்டியிருக்கிறார்கள். கீழ்க்கோயில் இருட்டு, தாழ்ந்த கூரை. மேல்கோயிலில் நீள்வளைவுக் கூரையை ஒரே கல்லில் செதுக்கிய தூண்கள் தாங்குகின்றன. இவ்வளவு பழைய காலத்தில் இந்தப் பாரத்தை இப்படி ஒல்லித் தூண்களில் இறக்கிவைத்தது துணிச்சல்தான். 1428-இல் வந்த நிலநடுக்கம் மடத்தைப் பெரிதும் சேதப்படுத்தியது. பிறகு துறவிகளும் போய்விட, கட்டடம் பாழானது. 1902-இல் பெர்பிஞான் ஆயர் கார்சலாத் து பொன் வாங்கிப் புதுப்பிக்கத் தொடங்கினார். ஆகவே தாழ்வாரத்தில் எல்லாமே 11-ஆம் நூற்றாண்டு என்று எண்ண வேண்டாம். பளிங்குத் தூண்தலைகள் பழையவை, அடுக்கிய முறை புதியது. பாறையில் வெட்டிய கல்லறைக் குழியையும் கேட்டுப் பாருங்கள். கடைசிக் காலத்தில் இங்கேயே துறவியாகி 1049-இல் இறந்த கீஃப்ரேயினுடையது என்பார்கள்.

அஞ்சலட்டைகளில் வரும் அந்தப் படம் மடத்துக்குள்ளிருந்து கிடைக்காது. வெளியே வந்து, மேலே போகும் ஒற்றையடிப் பாதையில் 10–15 நிமிடம் ஏறினால் பாறை முனை ஒன்று வரும். தடுப்புக் கம்பி கிடையாது. காற்று வீசும் நாளில் விளிம்புக்குப் போகாதீர்கள். இறங்கும்போது வேகம் கூடாது. கான்கிரீட் சரிவில் முழங்கால்தான் முதலில் புகார் சொல்லும்.

கூஷா

சேன்-மிஷேல்-த-கூஷா மடாலயம், பிராத் ஊரிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர், சமதளம். ஞாயிறு காலை வழிபாட்டு நேரம், அப்போது பார்வையாளர்களை விடுவதில்லை. வெந்நீர்ச் சிகிச்சைக்கு வந்தவர்கள் ஞாயிறு காலையை இதற்கு ஒதுக்கிவிட்டு ஏமாறுவது வழக்கம்.

974-இல் அர்ப்பணித்த கோயில் இது. குதிரை லாட வடிவ வளைவுகளைக் கவனியுங்கள். வட்ட வளைவும் தடித்த சுவரும் கொண்ட இடைக்கால ரோமனெஸ்க் கட்டடப் பாணிக்கு முந்தைய கை. கீழே நிலவறையில் வட்ட அறையொன்றின் நடுவே பருத்த ஒற்றைத் தூண் நிற்க, கூரை முழுவதும் அதிலிருந்தே விரிகிறது. கண் இருட்டுக்குப் பழக இரண்டு நிமிடம் கொடுங்கள், அவசரப்பட்டால் ஒன்றும் தெரியாது.

வெளியே 12-ஆம் நூற்றாண்டு இளஞ்சிவப்புப் பளிங்குத் தாழ்வாரம். பாதிதான் இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் மடம் கைவிடப்பட்டுத் தூண்கள் சிதறின. அவற்றில் பலவற்றை அமெரிக்கச் சிற்பி ஜார்ஜ் கிரே பார்னார்ட் வாங்கிக் கொண்டுபோனார். அவை இன்று நியூயார்க்கின் க்ளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளன. மணிக்கூண்டும் இரண்டில் ஒன்றுதான் மிச்சம். மற்றது 1839-இல் சரிந்தது. தூண்தலைகளில் சிங்கங்களையும் குரங்குகளையும் தேடுங்கள். வெயில் சாய்வாக விழும் பிற்பகலில்தான் செதுக்கல் எடுப்பாகத் தெரியும்.

வழியில் பார்ப்பவை

கோர்னேயா-த-கொன்ஃப்ளான், வெர்னேக்கும் வில்ஃபிரான்ஷுக்கும் நடுவே சாலையோரம். அதன் சேன்த்-மரி கோயிலில் ஜாவுமே காஸ்காய்ஸ் 1345-இல் செய்த பளிங்குப் பலிபீடத் திரை இருக்கிறது. கோயில் பூட்டியிருந்தாலும் பளிங்கு வாசலைப் பார்க்க இறங்கலாம்.

வில்ஃபிரான்ஷ்-த-கொன்ஃப்ளான் 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான நகரம். மதிலை 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் வோபான் பலப்படுத்தினார். 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. காரை மதிலுக்கு வெளியே விடுங்கள். மேலே தெரியும் லிபேரியா கோட்டைக்கும் ஊருக்கும் இடையே 734 படிகள் கொண்ட மூடிய படிக்கட்டு உண்டு. மலைப்பாதையில் ஏறி, படியில் இறங்குங்கள். மாற்றிச் செய்தால் அன்றைய நாள் அதோடு முடிந்தது.

செராபோன் மடாலயத்தின் இளஞ்சிவப்புப் பளிங்கு மேடை இப்பகுதிச் சிற்பங்களிலேயே தலைசிறந்தது. ஆனால் பேருந்து இல்லை. பிரதான சாலையிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து ஏறும் ஒடுக்கமான பாதை. கார் இருந்தால் மட்டும்.

நடைக்கும் ரயிலுக்கும்

மலைப்பாதைகளுக்கு, பிரான்ஸின் அரசு வரைபட நிறுவனமான ஐஜிஎன் வெளியிடும் வரைபடம் 2349 ஈடி, 1:25,000 அளவு. பள்ளத்தாக்கில் கைபேசிச் சிக்னல் விட்டுவிட்டு வரும். மஞ்சள் கோடு உள்ளூர் நடைபாதை, வெள்ளை-சிவப்பு நெடும்பாதை, குறுக்குக் குறி என்றால் அது வழியல்ல. கோடையில் காட்டுத்தீ அபாய நாட்களில் மாவட்ட நிர்வாகம் பாதைகளை மூடிவிடும். முந்தின மாலை எச்சரிக்கை வரைபடத்தைப் பாருங்கள். பிற்பகலில் இடியும் வரும், மலையேற்றத்தைக் காலையிலேயே முடியுங்கள். அவசர எண் 112.

கால் ஓய்வு கேட்கும் நாளில் மஞ்சள் ரயில். 427 மீட்டரில் இருக்கும் வில்ஃபிரான்ஷிலிருந்து 63 கிலோமீட்டர் ஓடி, 1,593 மீட்டரில் போல்கேர் நிலையத்தைத் தொட்டு லதூர்-த-கரோல் வரை போகிறது. கோடையில் கூரையில்லாப் பெட்டி சேர்ப்பார்கள்; தொப்பி அவசியம். மின்சாரம் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில், 850 வோல்ட். ஆகையால் குறித்த இடம் தவிர வேறெங்கும் பாதையைக் கடக்கக் கூடாது. முக்கோணத் தரையமைப்பு கொண்ட அபூர்வமான ரோமனெஸ்க் கோயிலைப் பார்க்க ப்லானேஸில் இறங்கலாம். நிலையத்திலிருந்து ஊருக்கு ஏறி நடக்க வேண்டும். சிறு நிலையங்கள் பலவும் கேட்டால் மட்டுமே நிற்பவை. இறங்க வேண்டுமானால் ஏறும்போதே நடத்துநரிடம் சொல்லிவிடுங்கள். திரும்பும்போது நடைமேடையில் நன்றாகத் தெரியும்படி நின்று ஓட்டுநருக்குக் கையைக் காட்டுங்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் ரயில் நிற்காமல் போய்விடும், அடுத்தது வர மணிக்கணக்காகும்.