பழைய ரோடு ரன்னரின் பின்பக்கத்தை உயர்த்த: வேலையைப் பட்டையில் செய்யுங்கள்

என்னிடம் இருப்பது 1969 பிளிமத் ரோடு ரன்னர். 383 கன அங்குல வி-8 எஞ்சின், டெட்ராய்ட் லிஞ்ச் ரோடு ஆலையில் செய்தது. சேஸிஸ் எண்ணில் ஏழாவதாக வரும் ‘ஏ’ என்ற எழுத்துதான் அதற்குச் சாட்சி. நான் வளர்ந்தது நாமக்கல்லில், லாரிப் பட்டறைகளுக்கு நடுவில். வேலை கொண்டுவந்து சேர்த்தது மிச்சிகனுக்கு. இங்கே ஆகஸ்ட் மாதம் உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் அணிவகுக்கும்போது பார்த்தால், பத்து வண்டிக்கு நாலு வண்டி பின்பக்கம் தூக்கித்தான் நிற்கும். அதில் பலவற்றை ஓட்டிப் பார்த்தால் பயமாக இருக்கும். தூக்கியது குற்றமில்லை, தூக்கிய விதம்தான் குற்றம்.

1968 முதல் 1970 வரை வந்த ரோடு ரன்னர், சேட்டலைட், டாட்ஜ் சார்ஜர், கோரோனெட் எல்லாவற்றுக்கும் பின்பக்கம் ஒரே அமைப்புதான்: இரண்டு லீஃப் ஸ்பிரிங் கட்டு (எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டியது), அதன் மேல் ஹவுசிங், அதாவது பின் அச்சு அடங்கிய கூடு. ஷெவர்லே செவெல் மாதிரி காயில் ஸ்பிரிங் வண்டிக்கு முறையே வேறு. நான் சொல்வது பட்டை வண்டிக்கு மட்டும்.

முதலில், எதற்காக உயர்த்துகிறீர்கள் என்று தெளிவாக இருங்கள். ஐம்பது வருடத்துப் பட்டை வளைவு இழந்து தொய்ந்திருந்தால் அதைச் சரிசெய்வது பராமரிப்பு. எழுபதுகளின் தெருப் பந்தய வண்டி மாதிரி மூக்கு தாழ்ந்து முதுகு தூக்கி நிற்க வேண்டும் என்றால் அது ஆசை, அதுவும் நியாயம்தான். ஆனால் அகலமான டயர் உரசுகிறது என்பதற்காக உயர்த்தாதீர்கள். நிற்கும்போது இடைவெளி தெரியும். பள்ளத்தில் இறங்கியதும் டயர் அதே இடத்தில் போய் ஃபெண்டரைத் தேய்க்கும். அதற்கு மாற்ற வேண்டியது வீலின் ஆஃப்செட், அதாவது வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காருகிறது என்ற அளவு.

அளவு எடுக்காமல் ஒரு நட்டைக்கூடத் தொடாதீர்கள். சமதளத்தில் நிறுத்தி, டேங்கில் அரைவாசி பெட்ரோல் வைத்து, பின்பக்கத்தைக் கையால் நாலு முறை அமுக்கிவிட்டு, வீலின் நடு மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளக்கவும். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் கணக்கில் சேர்ந்து ஏமாற்றும். இரண்டு பக்கமும் எழுதி வையுங்கள். ஒரு பக்கம் முக்கால் அங்குலம் தாழ்ந்திருந்தால் பட்டை உடைந்திருக்கிறதா, பட்டை முனையின் ரப்பர் புஷ் நைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அப்புறம் எவ்வளவு உயர்த்துவது என்று முடிவு செய்யுங்கள். தெருவில் ஓட்டும் வண்டிக்கு ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு அங்குலம். அதற்கு மேல் நான் போக மாட்டேன்.

காரணம் முன்சக்கரத்தில் இருக்கிறது. இந்த வண்டியின் வீல்பேஸ் 116 அங்குலம். பின்னால் இரண்டு அங்குலம் ஏற்றினால் மொத்த வண்டியும் ஏறக்குறைய ஒரு டிகிரி முன்னால் சாயும். அந்த ஒரு டிகிரி அப்படியே காஸ்டரிலிருந்து, அதாவது முன்சக்கரத்தின் திருப்பு அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணத்திலிருந்து, கழியும். இந்தக் கார்களுக்கு ஆலை கொடுத்த காஸ்டரே சொற்பம். அதிலும் ஒன்று போனால் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் நேராக நிற்காது, அலையும். முதுகைத் தூக்கியதோடு முன்பக்கத்தில் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பாரையும் இறக்கிவிடுபவர்கள் இந்த நஷ்டத்தை இரட்டிப்பாக்குகிறார்கள்.

இனி சந்தையில் விற்கும் குறுக்கு வழிகள். ஷேக்கிள் என்பது பட்டையின் பின்முனையை வண்டியோடு இணைக்கும் தொங்கல் தகடு. நீள ஷேக்கிள் மலிவு, அரை மணி நேர வேலை. ஆனால் இந்த வண்டியில் ஹவுசிங் பட்டையின் நடுவில் உட்காரவில்லை, முன்கண்ணுக்கு (பட்டையின் முன்முனை வளையத்துக்கு) நன்றாக நெருங்கி உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஷேக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் உயரத்தில் ஓர் அங்குலம்கூடத் தேறாது. கூடவே பினியன் மூக்கு (டிரைவ் ஷாஃப்ட் வந்து சேரும் ஹவுசிங்கின் முன்முனை) மேலே தூக்கிக்கொள்ளும், வளைவில் வண்டியின் பின்பாகம் பக்கவாட்டில் ஆடும். நீள ஷேக்கிள் போட்ட வண்டிக்குப் பின்னால் ஒரு முறை போய்ப் பாருங்கள், அந்த ஆட்டம் கண்ணுக்கே தெரியும்.

அடுத்தது ஏர் ஷாக். ஷாக் அப்சார்பரின் வேலை குதிப்பை அடக்குவது, வண்டியைச் சுமப்பதல்ல. அதன் மேல்முனை மாட்டியிருக்கும் தகடும் சுமை தாங்குவதற்குச் செய்ததல்ல. காற்றடித்துத் தூக்கினால் பின்பாரத்தில் ஒரு பங்கு அந்தத் தகட்டில் தொங்கும். நாளடைவில் போல்ட்டைச் சுற்றி விரிசல் விடும். கனமான டிரெய்லர் இழுக்கும் நாளில் மட்டும் கொஞ்சம் காற்று அடிப்பேன் என்பவர்கள் வைத்துக்கொள்ளலாம், அப்போதும் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் குழாய் போடுங்கள். ஒரே குழாய் என்றால் வளைவில் பாரம் ஏறும் பக்கத்துக் காற்று எதிர்ப்பக்கம் ஓடி, வண்டி இன்னும் சாயும்.

நம் ஊர் லாரி வேலை தெரிந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லாரியில் பட்டை அச்சுக்கு மேலே இருக்கும். நடுவில் கட்டை வைத்தால் வண்டி உயரும். இங்கே பட்டை ஹவுசிங்குக்குக் கீழே. அதே கட்டையை வைத்தால் வண்டி இறங்கும்.

ஆக, சரியான வழி பட்டைதான். பழைய கட்டு நல்ல எஃகாக இருந்தால் ஸ்பிரிங் பட்டறையில் கொடுத்து வளைவை ஏற்றித் தரச் சொல்லலாம். ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தாலும் உயரும், ஆனால் கடினமும் சேர்ந்தே ஏறும், வெறும் வண்டியில் பின்பக்கம் உதறும். என் சிபாரிசு, வேண்டிய உயரத்தைச் சொல்லி அதிக வளைவோடு புதிதாக ஒரு ஜோடி செய்து வாங்குவது. கிரைஸ்லர் இழுவைப் பந்தயத்துக்காக விற்ற சூப்பர் ஸ்டாக் பட்டைகளும் பின்பக்கத்தை உயர்த்தும். ஆனால் அதில் வலது வேறு, இடது வேறு. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வலது பின்சக்கரம் லேசாகிவிடாமலிருக்க வலப்பக்கத்தைப் பலமாகச் செய்திருப்பார்கள். சும்மா நிற்கும்போது வலப்பக்கம் சற்றுத் தூக்கியே இருக்கும். பந்தயத் தடத்துக்குப் போகிறவர்கள் மட்டும் வாங்குங்கள்.

மாற்றும் வேலைக்கு முந்தின நாளே எல்லா நட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். இந்த வண்டிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியோடு பற்றவைத்த ரயில், அதாவது நீள எஃகுச் சட்டம்தான். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டுகளை முன் ஹேங்கருக்கு (பட்டையின் முன்கண்ணை வண்டியோடு பிடிக்கும் தாங்கிக்கு) முன்னால் அந்த ரயிலின் அடியில் வையுங்கள். தரைத் தகட்டில் வைத்தால் தகடு உள்ளே போகும். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு ஹவுசிங்கைத் தனி ஜாக்கியில் தாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை இரண்டு கையாலும் பலமாக அசைத்துப் பார்த்த பிறகுதான் அடியில் தலையை நீட்ட வேண்டும்.

ஷாக்கின் கீழ்முனையைக் கழற்றி, ஹவுசிங்கைப் பட்டையோடு பிணைக்கும் யூ-போல்ட் நட்டுகளை எடுத்து, கீழ்த்தகட்டை இறக்குங்கள். ஜாக்கியை ஒரு சுற்று ஏற்றினால் ஹவுசிங் பட்டையை விட்டு விலகும். அப்போது பிரேக் ரப்பர் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு முன் ஹேங்கரின் நட்டுகள், கடைசியாகப் பின் ஷேக்கிள். ஹேங்கர் பட்டையின் கண்ணோடு சேர்ந்தே வெளியே வரும். பட்டைக் கட்டு நல்ல கனம், ஆள் துணை வேண்டும்.

புதியதை மாட்டும்போது ஹேங்கரை முதலில், ஷேக்கிளை அடுத்து மாட்டி, பிறகு ஹவுசிங்கை மெதுவாக இறக்குங்கள். பட்டையின் நடு போல்ட் தலை ஹவுசிங் தளத்தின் ஓட்டைக்குள் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அது விளிம்பில் ஏறி நின்றால் ஹவுசிங் கோணலாகி வண்டி நண்டு மாதிரி ஓடும். யூ-போல்ட் புதிதாகவே போடுங்கள், ஒரு முறை இழுபட்டதை மறுபடி நம்பக் கூடாது.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். முன்கண், ஷேக்கிள் போல்ட்டுகளைத் தொங்கும் நிலையில் முறுக்கிவிடாதீர்கள். கைப்பிடியாக விட்டு, சக்கரம் மாட்டி, வண்டியின் முழுப் பாரமும் டயரில் இறங்கிய பிறகே மேனுவல் சொல்லும் டார்க்குக்கு (முறுக்கு விசை அளவுக்கு) முறுக்குங்கள். தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் புஷ் அந்த நிலையில் இறுகி, வண்டி இறங்கியதும் முறுகியே நிற்கும். உயரமும் பொய்யாகக் காட்டும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும்.

உயரம் வந்துவிட்டது என்று சாவியை எடுத்துக் கிளம்பிவிடாதீர்கள். பினியன் கோணத்தைப் பாருங்கள். கோணமானியை கியர்பாக்ஸின் பின்முனையிலும் பினியன் யோக்கிலும் வைத்து அளந்தால், இரண்டும் ஏறத்தாழ இணையாக, பினியன் மூக்கு மட்டும் இரண்டு டிகிரி போலத் தாழ்ந்திருக்க வேண்டும். மிதிக்கும்போது பட்டை முறுகி மூக்கு மேலே வரும், அதற்கான இடம் இது. மூக்கு தூக்கியிருந்தால் ஹவுசிங் தளத்துக்கும் பட்டைக்கும் நடுவில் சாய்ந்த எஃகு ஷிம் (ஆப்புத் தகடு) போடுங்கள், தடித்த முனை பின்பக்கம். இதை விட்டால் வேகத்தில் வண்டியின் தரையில் ஒரு அதிர்வு எழும், கிராஸ் ஜாயின்ட் தேயும்.

ஹவுசிங் மூக்கின் மேல் ஒரு ரப்பர் முட்டு இருக்கும், ஸ்னப்பர் என்பார்கள். மிதிக்கும்போது அது தரைத் தகட்டில் மோதி, ஹவுசிங் மேலும் சுழலாமல் தடுக்கும். வண்டியை உயர்த்தினால் இந்த இடைவெளியும் கூடிவிடும், முட்டு எட்டாது. 383-ஐ முழுவதும் மிதித்தால் பின்சக்கரம் துள்ளுவது இதனாலும்தான். உயரம் மாற்றக்கூடிய ஸ்னப்பர் கிடைக்கிறது, அதைப் போட்டுப் பழைய இடைவெளிக்குக் கொண்டுவாருங்கள்.

ஹவுசிங்கை முழுக்கத் தொங்கவிட்டு மறுபடி ஒரு பார்வை: பிரேக் ஹோஸில் தளர்வு மிச்சம் இருக்கிறதா, ஹேண்ட்பிரேக் கேபிள் இறுகவில்லையா, சைலன்சர் குழாய் ஹவுசிங்கில் தட்டவில்லையா, ஷாக் முழுதாக நீண்டு அதுவே தடுப்பாக நிற்கிறதா. நின்றால் நீளமான ஷாக் வேண்டும்.

இருநூறு மைல் ஓட்டுங்கள். புதுப் பட்டை கொஞ்சம் அமரும். திரும்ப அளந்து, யூ-போல்ட்டை மறுபடி முறுக்கி, அதற்குப் பிறகே வீல் அலைன்மெண்டுக்குக் கொண்டுபோங்கள். காஸ்டரை எவ்வளவு முடியுமோ அவ்வளவு நேர்மறையாக வைக்கச் சொல்லுங்கள். மூக்கு தாழ்ந்ததால் ஹெட்லைட் வெளிச்சம் பக்கத்திலேயே விழும், அதையும் சுவரில் அடித்துப் பார்த்து உயர்த்திவிடுங்கள்.