கார் பெயின்டுக்கு பாலிஷும் வேக்ஸும்: எதை வாங்குவது, எப்படிப் போடுவது

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஏதாவது ஒரு ஆக்சஸரீஸ் கடைக்குப் போய் "காருக்குப் பாலிஷ் கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். நாலு டப்பாவை எடுத்து வரிசையாக வைப்பார்கள். ஒன்று ரப்பிங் காம்பவுண்ட், ஒன்று பாலிஷ், ஒன்று வேக்ஸ், இன்னொன்று கிளீனர் வேக்ஸ். எதைப் போட்டாலும் பளபளக்கும் என்பார் கடைக்காரர். பளபளக்கும்தான். ஆனால் காம்பவுண்டும் பாலிஷும் பெயின்டைத் தேய்த்து எடுப்பவை. வேக்ஸ் எதையும் எடுக்காது, மேலே பூச்சாக உட்காரும். கிளீனர் வேக்ஸ் கொஞ்சம் தேய்த்து, கொஞ்சம் பூசும். இது தெரியாமல் மாதாமாதம் கையில் கிடைத்த டப்பாவைத் தேய்த்தால் காரின் மேல்தோல்தான் கரையும்.

அந்த மேல்தோலுக்குப் பெயர் கிளியர் கோட். இப்போது ஓடும் பெரும்பாலான கார்களில் தகட்டின்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத இந்தக் கிளியர் கோட். வெயிலின் புற ஊதாக் கதிர் நிறத்தைத் தொடாமல் தடுப்பது இதுதான். தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்று ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும். மெஷின் வைத்துப் பாலிஷ் போடும் ஒவ்வொரு முறையும் இதிலிருந்து ஒன்றிரண்டு மைக்ரான் போய்விடும், காம்பவுண்ட் என்றால் இன்னும் அதிகம். அதனால் என் கணக்கு இது: பாலிஷ் வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் தேவைப்பட்டால் மட்டும். வேக்ஸ் எவ்வளவு அடிக்கடி வேண்டுமானாலும் போடலாம்.

முதலில் காரைப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால், கழுவிய காரை நிழலில் நிறுத்தி மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரிந்தால் அதைத்தான் ஸ்வர்ல் மார்க் என்பார்கள். பாலிஷ் போட வேண்டியது இதற்குத்தான். ஒரு கீறலின் குறுக்கே விரல் நகத்தை இழுக்கும்போது நகம் மாட்டுகிறதா? அப்படியானால் அது ஆழமானது, பாலிஷ் போட்டுப் போகாது. அதைப் போக்கியே தீருவேன் என்று ஒரே இடத்தில் தேய்க்காதீர்கள்.

ரூஃபிலோ பானெட்டிலோ வெள்ளைத் திட்டுகள் பரவி ஓரம் உரிந்து வந்தால் கிளியர் கோட் போய்விட்டது என்று அர்த்தம். வெயிலிலேயே வருடக்கணக்கில் நின்ற கார்களில் இது சகஜம். எந்த டப்பாவாலும் இதைச் சரிசெய்ய முடியாது, பெயின்டிங் ஷெட்டுக்குத்தான் போக வேண்டும். மேட் ஃபினிஷ் காருக்குப் பாலிஷும் வேண்டாம், சாதாரண வேக்ஸும் வேண்டாம். அங்கங்கே மினுமினுத்து அசிங்கமாகிவிடும். புதிதாக டச்-அப் செய்த பேனல் என்றால் பெயின்ட் அடித்தவரிடம் கேட்டுவிட்டு, ஒன்றிரண்டு மாதம் பொறுத்து வேக்ஸ் போடுங்கள். உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற வேண்டும். ஷோரூமிலிருந்து வந்த புதுக் காருக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது. அது ஃபாக்டரியிலேயே சூட்டில் காயவைத்த பெயின்ட்.

இந்த ஸ்வர்ல் மார்க் எங்கிருந்து வருகிறது தெரியுமா? அபார்ட்மென்ட்களில் காலையில் ஒரே பக்கெட் தண்ணீரும் ஒரே துணியுமாக வரிசையாக எல்லாக் கார்களையும் துடைக்கிற பழக்கம்தான் பெரிய காரணம். முதல் காரின் மணல் கடைசி கார் வரைக்கும் பயணம் செய்கிறது. துடைப்பவரைக் குறை சொல்வதில் பிரயோஜனமில்லை. நாம் கொடுக்கிற மாதச் சம்பளத்துக்கு அதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. உங்கள் காருக்கென்று இரண்டு மைக்ரோஃபைபர் துணியைக் கொடுத்துவிட்டு, "அண்ணா, முதல்ல தண்ணி ஊத்திட்டு அப்புறம் துடைங்க, தூசியோட காஞ்ச துணி போடாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். பாலிஷ் செலவில் பாதி மிச்சம்.

எந்த வேக்ஸ்

கார்னாபா வேக்ஸ் என்பது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு. சுத்தமான கார்னாபா 80 டிகிரி செல்சியஸைத் தாண்டித்தான் உருகும். ஆனால் டப்பாவில் வருவது கரைப்பானும் வேறு மெழுகுகளும் கலந்தது, அந்த அளவுக்குத் தாங்காது. கருப்பு, சிவப்பு, அடர் நீலம் போன்ற நிறங்களுக்கு இது கொடுக்கும் ஆழமான மினுக்கு தனி அழகு. சென்னை வெயிலில் ஆறு வாரம், மிஞ்சிப்போனால் இரண்டு மாதம் நிற்கும். கத்திரி வெயிலில் தெருவிலேயே நிற்கும் கார் என்றால் அதற்கும் குறைவு.

சின்தெடிக் வேக்ஸ், அதாவது பெயின்ட் சீலன்ட், ரசாயன பாலிமரால் ஆனது. மினுக்கு கொஞ்சம் கண்ணாடித்தனமாக இருக்கும், ஆனால் மூன்று நான்கு மாதம் தாங்கும். வெள்ளை, சில்வர் கார்களுக்கு இதுவே போதும். பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈசிஆர் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் கார்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

ஸ்ப்ரே வேக்ஸ் அவசரத்துக்கு: கழுவியதும் அடித்துத் துடைத்துவிடலாம், சில வாரம்தான் நிற்கும். பெயின்டோடு ஒட்டி இறுகிப் பல மாதம் நிற்கும் செராமிக் கோட்டிங் வேறு உலகம். முதல்முறை செய்பவர்கள் வீட்டில் கைவைக்க வேண்டாம். ஏற்கனவே செராமிக் போட்ட காருக்கும் பிபிஎஃப் (பெயின்டைக் காக்க ஒட்டும் நிறமில்லாத ஃபிலிம்) ஒட்டிய காருக்கும் தேய்க்கும் பாலிஷ் கூடாது.

ஃபார்முலா 1, வாக்ஸ்பால், டர்டில் வேக்ஸ், 3எம், மெகுவையர்ஸ் எல்லாம் இங்கே சுலபமாகக் கிடைக்கின்றன. பிராண்டைவிட லேபிளைப் படிப்பது முக்கியம். கிளீனர், ரீஸ்டோரர், ஸ்க்ராட்ச் ரிமூவர் என்று போட்டிருந்தால் உள்ளே தேய்க்கும் துகள் இருக்க வாய்ப்பு அதிகம். முதல்முறைக்கு ஃபைன் அல்லது ஃபினிஷிங் என்று போட்ட பாலிஷ் ஒன்று, வேக்ஸ் ஒன்று, ஃபோம் அப்ளிகேட்டர் இரண்டு, மைக்ரோஃபைபர் துணி ஐந்தாறு, கிளே பார் (ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் துண்டு) ஒன்று, மாஸ்கிங் டேப் ஒரு சுருள். காம்பவுண்ட் வாங்காதீர்கள், கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும்.

எங்கே, எப்போது

பேனல் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். புறங்கையை பானெட்டில் வைத்தால் சூடு தெரியக்கூடாது. ஸ்டில்ட் பார்க்கிங் இருப்பவர்களுக்குக் கவலையில்லை. தெருவில் நிறுத்துபவர்கள் காலை ஆறரைக்கே ஆரம்பியுங்கள். வெயில் வந்ததும் நிறுத்திவிட்டு மிச்சத்தை மறுநாள் செய்யலாம். ஒரே நாளில் முடித்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பக்கத்தில் மெட்ரோ வேலையோ வீடு இடிக்கும் வேலையோ நடந்தால் அந்தத் தூசி காற்றில் இருக்கும்போது பாலிஷ் போடாதீர்கள், தூசியையும் சேர்த்துத் தேய்ப்பீர்கள்.

கழுவுவது

இரண்டு பக்கெட்: ஒன்றில் கார் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். முதலில் தண்ணீரை ஊற்றியோ ஹோஸ் அடித்தோ மணலை இறக்குங்கள். பிறகு ரூஃபிலிருந்து கீழ்நோக்கிக் கழுவுங்கள். ஒவ்வொரு பேனலுக்கும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டு மறுபடி ஷாம்புவில் நனையுங்கள். வீல், கதவின் அடிப்பகுதி எல்லாம் கடைசியில், வேறு துணியால். சோப்புத்தூள் வேண்டாம்.

போர் தண்ணீர் உபயோகிப்பவர்கள் ஒரு விஷயம் கவனியுங்கள். அதிலுள்ள கால்சியம், தண்ணீர் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளியாகப் படியும். நாளாக ஆக அது பெயின்டையே அரித்துவிடும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது மெட்ரோ வாட்டரோ ஆர்ஓ மெஷினின் சுத்தமான தண்ணீரோ ஒரு பக்கெட் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்ஓவிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீர் கூடாது, உப்பு அதில்தான் அதிகம். ஏற்கனவே புள்ளி இருந்தால் வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிஷம் வைத்துத் துடைத்து, உடனே கழுவிவிடுங்கள்.

கிளே பார்

கழுவித் துடைத்த பேனலை, மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் கழுவியும் போகாத அழுக்கு ஒட்டியிருக்கிறது. ரயில் தண்டவாளத்தின் அருகே நிறுத்துபவர்களுக்கு இரும்புத்துகள், தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்துபவர்களுக்குப் பிசின், ரோட்டோரக் கார்களுக்குத் தார்ப் புள்ளி. இதற்குத்தான் கிளே. ஷாம்பு தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, களிமண் துண்டைத் தட்டையாக்கி, அழுத்தாமல் நேர்கோட்டில் வழுக்க விடுங்கள். சொரசொரப்பு போனதும் அடுத்த இடம். அழுக்கான பக்கத்தை உள்ளே மடித்துப் புதுப் பக்கத்தை எடுங்கள். கிளே தரையில் விழுந்துவிட்டால் குப்பைத்தொட்டிதான், காசைப் பார்க்காதீர்கள்.

பாலிஷ்

கருப்பு பிளாஸ்டிக் பாகங்கள், ரப்பர் பீடிங், எம்ப்ளம் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கருப்பு பிளாஸ்டிக்கில் பாலிஷோ வேக்ஸோ பட்டுக் காய்ந்தால் வெள்ளைக் கறை லேசில் போகாது.

முதலில் ஓர் ஓரமான இடத்தில் ஒரு சதுர அடி மட்டும் செய்து பாருங்கள். திருப்தியா? சரி, தொடருங்கள். ஃபோம் அப்ளிகேட்டரில் பட்டாணி அளவில் மூன்று நாலு சொட்டு போதும். இரண்டுக்கு இரண்டு அடி பரப்பை எடுத்துக்கொண்டு முன்னும் பின்னுமாக, பிறகு குறுக்காக, கொஞ்சம் அழுத்தித் தேயுங்கள். பாலிஷ் மெல்லிய படலமாக மங்கி வரும்வரை தேய்த்துவிட்டு, காய்ந்து இறுகுவதற்குள் மைக்ரோஃபைபரால் துடையுங்கள். கதவின் ஓரம், பானெட்டின் கோடு போன்ற மடிப்புகளில் பெயின்ட் மெல்லியதாக இருக்கும், அங்கே அழுத்தக் கூடாது.

கையால் தேய்த்தால் கீறல் எல்லாம் மறையாது. லேசானவை குறையும், மங்கல் போகும், அவ்வளவுதான். முதல்முறைக்கு அதுவே நல்ல பலன். மெஷின் வேண்டுமென்றால், சுற்றிக்கொண்டே அசையும் டூயல் ஆக்ஷன் பாலிஷர் எடுங்கள். ஷெட்டுகளில் சுற்றும் ரோட்டரி மெஷின் ஒரே இடத்தில் சூட்டைக் கிளப்பி நொடியில் பெயின்டைக் கருக்கிவிடும், கை தேர்ந்தவர்களுக்கானது.

வேக்ஸ்

இங்கேதான் எல்லோரும் தாராளம் காட்டுகிறார்கள். தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவு மெல்லிசாகப் போடுங்கள். தடிமனாகப் போட்டால் கூடுதல் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது. மேலே இருப்பதையெல்லாம் துடைத்துத்தான் எடுக்கப் போகிறோம், கைதான் வலிக்கும்.

புது அப்ளிகேட்டரை எடுத்து (பாலிஷ் போட்டது வேண்டாம்) ஒவ்வொரு பேனலாகப் பூசுங்கள். சில நிமிஷத்தில் வெள்ளையாகப் பூத்துக் காயும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்: கோடு சுத்தமாகத் தெரிந்தால் துடைக்கலாம், ஈஷினால் இன்னும் பொறுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில், அதுவும் மழைக்கு முந்தைய நாட்களில், டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தைவிட அதிகம் பிடிக்கும். பிறகு மைக்ரோஃபைபரை நான்காக மடித்து, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பித் திருப்பித் துடையுங்கள். கண்ணாடிமேல் பட வேண்டாம், மழையில் வைப்பர் ஓடும்போது கலங்கித் தெரியும். சீலன்ட் போட்டிருந்தால் டப்பாவில் சொன்ன நேரம்வரை தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பனியன் துணி எதற்கும் ஆகாது, தையல் கீறும். டீசல், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தால் பளபளக்கும் என்று யாராவது சொல்வார்கள். தூசி ஒட்டும்வரை பளபளக்கும். டாஷ்போர்டு பாலிஷ் டாஷ்போர்டுக்கு மட்டும்.

போட்ட பிறகு

காக்கை எச்சத்தைக் காய விடாதீர்கள். காய்ந்துவிட்டால் ஈரமான டிஷ்யூவை ஐந்து நிமிஷம் மேலே போட்டு ஊறவைத்து எடுங்கள், சுரண்டக் கூடாது. ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் பெயின்டில் வைப்பதற்குப் பதிலாக நம்பர் பிளேட்டின் ஓரத்திலோ கண்ணாடியிலோ வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளாது. பெயின்டில்தான் வைப்பேன் என்றால் மறுநாளே கழுவிவிடுங்கள், குங்குமத்தின் சாயம் வெள்ளைக் காரில் கறையாக நிற்கும். பூமாலை கட்டும் கம்பி பானெட்டில் உரசாமல் கீழே ஒரு துணி வையுங்கள்.

மைக்ரோஃபைபர் துணிகளைத் தனியாகத் துவையுங்கள், வாசனைக்காக ஊற்றும் ஃபேப்ரிக் கண்டிஷனர் சேர்க்காமல். அது இழைகளை மூடி, துணியின் உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும்.

அடுத்த வேக்ஸ் எப்போது என்பதைத் தண்ணீரே சொல்லும். கழுவும்போது முத்து முத்தாக உருண்டு ஓடினால் பூச்சு இருக்கிறது. தட்டையாகப் பரவி நின்றால் போய்விட்டது. இப்படிப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லாதவர்கள் மார்ச் கடைசியில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் அக்டோபர் முதல் வாரத்தில் ஒருமுறை சீலன்ட் போட்டுவிடுங்கள். நடுவில் முடிந்தபோது ஸ்ப்ரே வேக்ஸ் அடித்துக்கொள்ளலாம்.