செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ்: முதல்முறை போகிறவருக்கு

ஸ்காட்லாந்தில் டண்டீயில் குடியிருப்பதால் வருடத்துக்கு நாலைந்து பேராவது ஊரிலிருந்து இதே கேள்வியோடு கூப்பிடுகிறார்கள். "செயின்ட் ஆண்ட்ரூஸ் உனக்குப் பக்கம்தானே, அந்த கோல்ஃப் மைதானத்துக்குள்ள நம்மள விடுவாங்களா?" நம் ஊர் கிளப் வாசலில் செக்யூரிட்டியிடம் யாராவது உறுப்பினர் பெயரைச் சொல்லி உள்ளே போய்ப் பழகியவர்கள் கேட்கும் கேள்வி இது. இங்கே பிரச்சினை என்னவென்றால், வாசலே கிடையாது.

ஓல்ட் கோர்ஸ் ஊர்ப் பொதுநிலம். நம் பக்கத்து மந்தை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1552ல் பேராயர் ஜான் ஹாமில்டன் காலத்துச் சாசனம், இந்த மணல்வெளியில் முயல் வளர்த்துக்கொள்ளும் உரிமையை அவருக்கும், கோல்ஃப் ஆடும் உரிமையை ஊராருக்கும் உறுதி செய்தது. முயல் போய்விட்டது, ஆட்டம் இருக்கிறது. 1974 முதல் லிங்க்ஸ் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை நிர்வகிக்கிறது. ஆட்டத்தின் முதல் அடி அடிக்கும் இடமான முதல் டீக்குப் பின்னால் கம்பீரமாக நிற்கும் கல் கட்டடம் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்புடையது. அது தனியார் இடம், படமெடுத்துக்கொள்ளலாம், படியேறக் கூடாது. ஆனால் மைதானம் அவர்களுடையது அல்ல. இதைத் தெரிந்துகொண்டு போனால் மற்ற விதிகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் தானாகப் புரியும். நீங்கள் யார், எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. பொது இடத்தை வாங்கினபடியே அடுத்த ஆளிடம் ஒப்படைக்கிறீர்களா என்றுதான் பார்க்கிறார்கள்.

படி 1: கிழமையை முடிவு செய்யுங்கள்

ஆடப் போகிறீர்களா, பார்க்கப் போகிறீர்களா? பார்க்க மட்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். ஓபன் போன்ற பெரிய போட்டிகள் தவிர, ஞாயிறன்று ஓல்ட் கோர்ஸில் ஆட்டம் இல்லை. அன்று அது ஒரு பூங்கா. நாயைக் கூட்டிக்கொண்டு வருவார்கள், ஃபேர்வே என்ற ஒட்ட வெட்டிய புல்வெளியில் குழந்தைகள் உருளும், யாரும் டிக்கெட் கேட்க மாட்டார்கள். ஸ்வில்கன் ஓடையின் மேல் இருக்கும் அந்தச் சின்னக் கல்பாலத்தில் நின்று படமெடுக்க இதைவிட நல்ல நாள் கிடையாது. பங்கர் என்ற மணல் பள்ளத்துக்குள் இறங்காதீர்கள், பந்து விழ வேண்டிய குழியைச் சுற்றியிருக்கும் கிரீன் என்ற வழவழப்பான புல் மேல் நடக்காதீர்கள். அவ்வளவுதான் கட்டுப்பாடு.

பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 பிப்ரவரியில் அதன் காலடியில் புல் தாங்கவில்லை என்று கல் பதித்தார்கள். உலகம் முழுக்கக் கிளம்பிய கூச்சலில் சில நாட்களிலேயே பெயர்த்தெடுத்துவிட்டார்கள். ஒரு பாலத்தின் அடியில் கல் பதித்ததற்கு இவ்வளவு கோபமா என்று எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது.

மற்ற கிழமைகளில் போனால், முதல் ஹோலையும் 18வது ஹோலையும் (ஹோல் என்பது டீயிலிருந்து குழி வரையான ஒரு ஆட்டப் பகுதி) குறுக்கே வெட்டிப் போகும் கிரானி கிளார்க்ஸ் வைண்ட் என்ற பொதுச்சாலை வழியாகக் கடற்கரைக்குப் போகலாம். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடக்கவும். இங்கே இடது வலது பார்ப்பது வண்டிக்காக அல்ல, பந்துக்காக. யாராவது "ஃபோர்!" என்று கத்தினால் பந்து வருகிறது என்று அர்த்தம், திரும்பிப் பார்க்காதீர்கள். கையால் தலையை மூடிக் குனியுங்கள்.

செயின்ட் ஆண்ட்ரூஸில் ரயில் நிலையம் இல்லை, 1969லேயே மூடிவிட்டார்கள். எடின்பரோவிலிருந்து வருகிறவர்கள் லூக்கர்ஸில் இறங்கி, அங்கிருந்து 99ஆம் எண் பஸ் பிடிக்க வேண்டும். பஸ் நிலையத்திலிருந்து மைதானம் நடை தூரம்.

படி 2: மட்டையே பிடித்ததில்லையா? இமயமலையிலிருந்து தொடங்குங்கள்

ஓல்ட் கோர்ஸுக்குப் பக்கத்திலேயே ஹிமாலயாஸ் என்று ஒரு புட்டிங் கிரீன், அதாவது பந்தைத் தட்டிக் குழிக்குள் உருட்டுவதற்கான இடம், இருக்கிறது. 1867ல் தொடங்கிய பெண்கள் புட்டிங் கிளப் ஆடும் இடம் அது. உறுப்பினர்கள் ஆடும் நேரம் போக மற்ற நேரத்தில் யாரும் சில பவுண்டு கொடுத்து ஆடலாம். உருட்டும் மட்டையான புட்டரும் பந்தும் அங்கேயே தருகிறார்கள். மேடும் பள்ளமுமாக இருப்பதால்தான் அந்தப் பெயர். குளிர்காலத்தில் மூடியிருக்கும், கோடையில் வாருங்கள்.

போன கோடையில் அம்மா வந்திருந்தார். காட்டன் சேலை, காலில் என்னுடைய பழைய ஸ்போர்ட்ஸ் ஷூ, மேலே ஒரு ஸ்வெட்டர். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புட்டரைத் துடைப்பம் மாதிரி பிடித்துக்கொண்டு மேட்டைப் பார்த்துத் தட்டினார். பந்து ஏறியது, உச்சியில் கொஞ்சம் யோசித்தது, அப்படியே உருண்டு அவர் காலடிக்கே திரும்பி வந்தது. மூன்று தடவை இதே கதை. நாலாவது தடவை குழியைப் பார்க்கவே இல்லை. குழிக்கு ஆறேழு அடி தள்ளி மேட்டின் தோளைப் பார்த்துத் தட்டினார். பந்து வளைந்து இறங்கி உள்ளே விழுந்தது. "வாய்க்காத் தண்ணி மாதிரிதான்டா, சரிவு பாத்து விடணும்" என்றார். கிரீனை வாசிப்பது, அதாவது அதன் சரிவைக் கணிப்பது பற்றி நான் காசு கட்டிக் கற்றுக்கொண்டதைவிட அது தெளிவாக இருந்தது.

படி 3: உங்களுக்கு ஏற்ற கோர்ஸைத் தேர்ந்தெடுங்கள்

டிரஸ்டிடம் மொத்தம் ஏழு கோர்ஸ்கள் இருக்கின்றன. புதிதாகக் கற்றவர் நேராக ஓல்ட் கோர்ஸைக் கேட்க வேண்டாம். பால்கோவ் என்பது ஒன்பது ஹோல் கோர்ஸ், குழந்தைகளுக்கும் தொடக்கக்காரர்களுக்கும் என்றே வைத்திருப்பது. அடுத்தபடியாக ஸ்ட்ராத்டைரம், 1993ல் திறந்தது, 18 ஹோல், பங்கர் குறைவு. பந்தை நேராக அடிக்கவே பாடுபடுகிறவர்களுக்கு இந்த இரண்டிலும் மரியாதையாக ஒரு நாள் கழியும். மட்டைகளை வாடகைக்கு எடுக்கலாம், விமானத்தில் சுமந்துகொண்டு வரத் தேவையில்லை.

ஓல்ட் கோர்ஸ்தான் வேண்டும் என்றால் ஹேண்டிகேப் (ஆட்டத் திறமையைக் காட்டும் எண், குறைவாக இருந்தால் நல்ல ஆட்டக்காரர்) சான்று கட்டாயம். அதிகபட்சம் 36. இந்தியாவில் ஆடுகிறவர்கள் தங்கள் கிளப் வழியாக வாங்கியதைக் காட்டினால் போதும். சான்றில் இருக்கும் பெயரும் முன்பதிவில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்ற நம் ஊர்க் குழப்பத்தை முதல் டீ வரை கொண்டுபோக வேண்டாம். கட்டணம் லேசானதல்ல: 2025 கோடைப் பருவத்தில் ஒரு ஆளுக்கு 340 பவுண்டு.

படி 4: குலுக்கலில் பெயர் போடுங்கள்

பல மாதம் முன்பே பதிவு செய்யும் வழியும் உண்டு. அதில் இடம் கிடைக்காதவர்களுக்குத்தான் தினசரிக் குலுக்கல். ஆட வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்பு, மதியம் 2 மணிக்குள், இரண்டு முதல் நாலு பேராகச் சேர்ந்து பெயர், ஊர் கிளப், ஹேண்டிகேப் கொடுக்க வேண்டும். அன்று மாலையே முடிவு வந்துவிடும். திங்கட்கிழமை ஆட சனிக்கிழமையே பெயர் கொடுக்க வேண்டும். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

தனி ஆளாக வந்தால்? முன்பெல்லாம் நடு இரவிலிருந்தே ஓல்ட் பெவிலியன் வாசலில் போர்வையோடு வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், முதல் நாள் முதல் காட்சிக்கு நிற்கிற மாதிரி. 2024லிருந்து அதற்கும் குலுக்கல் வந்துவிட்டது. முந்தைய நாளே நேரில் போய்ப் பதிந்துவிட்டு, அறைக்குத் திரும்பித் தூங்கலாம்.

குலுக்கலை நம்பி ஒரே ஒரு நாள் தங்கும்படி வராதீர்கள். மூன்று நாளாவது கையில் இருக்கட்டும்.

படி 5: உடை

கோட்டு, டை எதுவும் இங்கே வேண்டாம். காலர் வைத்த டீ-ஷர்ட், துணி பேன்ட் அல்லது முழங்கால் அளவு ஷார்ட்ஸ். பெண்களுக்கும் இதேதான், காலர் இல்லாத கோல்ஃப் டாப்பும் பரவாயில்லை. ஜீன்ஸ், கிரிக்கெட் ஜெர்சி, ஜிம் பனியன், கார்கோ பேன்ட் இவற்றை விட்டுவிட்டு வந்தால் ஸ்காட்லாந்தின் பெரும்பாலான கிளப்புகளில் சங்கடம் வராது. ஷூவில் உலோக ஆணி கூடாது, ரப்பர் அல்லது பிளாஸ்டிக் முள்தான். கிரீனைக் கிழித்துவிடும் என்பதுதான் காரணம். கட்டடத்துக்குள் போகும்போது தொப்பியைக் கழற்றுவது பழைய வழக்கம். செய்துவிடுங்கள், காசா பணமா.

இதே பயணத்தில் மியூர்ஃபீல்ட் மாதிரி பழைய தனியார் கிளப்புக்கும் போவதாக இருந்தால் கதை வேறு. அங்கே மதியச் சாப்பாட்டு அறையில் உட்கார கோட்டும் டையும் வேண்டும். ஆகவே ஒவ்வொரு கிளப்பின் பார்வையாளர் பக்கத்தையும் கிளம்புவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

விதியில் எழுதாத உடை விதி ஒன்று இருக்கிறது: காற்று. ஜூலையில்கூட ஒரு ஸ்வெட்டர், மேலே மழை கோட், பையில் இன்னொரு ஜோடி சாக்ஸ். குடையை நம்பாதீர்கள், இரண்டாவது ஹோலிலேயே மலர்ந்துவிடும்.

படி 6: முதல் டீ

குறித்த நேரத்துக்கு அரை மணி முன்பே, குழுக்களை வரிசையாக ஆட அனுப்பும் ஸ்டார்டரிடம் போய் நில்லுங்கள். ஸ்கோர் கார்டு தருவார். வாங்கியதும் மடித்துப் பையில் வைக்காமல் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். எந்த கிளப் ஆனாலும் உள்ளூர் விதிகள் அங்கேதான் அச்சாகியிருக்கும்.

முதல் அடி எல்லாருக்கும் நடுக்கம்தான். சாலையோரம் கூட்டமாக நின்று பார்ப்பார்கள். ஆறுதலுக்கு ஒன்று: முதல் ஹோலும் 18வது ஹோலும் ஒரே அகன்ற ஃபேர்வேயைப் பங்கிட்டுக்கொள்கின்றன, இரண்டிலும் ஒரு பங்கர்கூட இல்லை. வலது பக்கம் போனால் எல்லைக்கு வெளியே, எனவே இடது பக்கமே குறிவையுங்கள். ஆட்டம் முழுக்க இந்த ஒரு யோசனை பெரும்பாலும் கைகொடுக்கும்.

படி 7: களத்துக்குள் தெரிந்திருக்க வேண்டியவை

கொடியின் நிறம். போகும்போது வெள்ளைக் கொடி, திரும்பும்போது சிவப்பு. 18வது மட்டும் வெள்ளை, பின்னால் இருக்கும் சிவப்புக் கட்டடத்தில் சிவப்புக் கொடி கரைந்துவிடும் என்று. இது ஏன் முக்கியம் என்றால், இங்கே ஏழு கிரீன்கள் இரட்டை. ஒரே பெரிய கிரீனில் இரண்டு ஹோல், இரண்டின் எண்ணையும் கூட்டினால் 18 வரும்: 2ம் 16ம், 5ம் 13ம். நிறம் பார்க்காமல் அடித்தால் எதிரே வரும் குழுவின் காலடியில் பந்து போய் நிற்கும்.

பங்கர்கள் 112. பல இடங்களில் டீயிலிருந்து கண்ணுக்கே தெரியாது. முதல்முறை ஆடியபோது அப்படி ஒன்றில் மாட்டிக்கொண்டேன். சுவர் என் நெஞ்சு உயரம். ஒரு அடி, பந்து சுவரில் பட்டுக் காலுக்கே வந்தது. இரண்டு, மூன்று, நாலு. மேலே பின்குழு கைகட்டி நின்றது. அப்போது என் மட்டைப் பையைச் சுமந்து வந்த கேடி குனிந்து, மணலைத் தொடாமல், மெதுவாகச் சொன்னார்: பின்பக்கமாக அடி. கொடியை நோக்கித்தான் அடிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அதுவும் முடியவில்லையா? 2019 விதிமுறைப்படி இரண்டு ஸ்ட்ரோக் (கணக்கில் இரண்டு அடி கூடும்) தண்டனை ஏற்றுக்கொண்டு, குழியையும் பந்தையும் இணைக்கும் கோட்டில் பங்கருக்குப் பின்னால் வெளியே போட்டு ஆடலாம். வெட்கப்பட வேண்டாம். 14வது ஹோலின் ஹெல் பங்கரில் 1995 ஓபனில் கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லாஸே சிக்கி, அந்த ஒரு ஹோலுக்கு 10 அடி என்று எழுதினார். வெளியே வரும்போது தாழ்வான பக்கமாக ஏறி, உங்கள் காலடித் தடங்களை ரேக்கால் சமன் செய்துவிடுங்கள்.

17வது ஹோலில் கிரீனுக்குப் பின்னால் ஒரு சாலை ஓடுகிறது. அதுவும் ஆடுகளம்தான். பந்து தார்மேல் நின்றாலும், அதற்கப்பால் இருக்கும் மதிலை ஒட்டி நின்றாலும், தண்டனை இல்லாமல் பந்தை எடுத்து நகர்த்தும் சலுகை கிடையாது. இருந்தபடியே அடிக்க வேண்டும், அல்லது தண்டனையோடு எடுக்க வேண்டும். மட்டை கீறிப்போகும். வாடகை மட்டை என்றால் இன்னும் யோசியுங்கள்.

தொலைந்த பந்தைத் தேட 3 நிமிடம்தான். நாலு பேர் குழு நாலு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். பேட்டரி வண்டி சுற்றுலாப் பயணிகளுக்குக் கிடையாது, உடல்நலக் காரணம் இருந்தால் ஒழிய நடைதான். குளிர்காலத்தில் ஃபேர்வேயிலிருந்து அடிக்கும்போது கையடக்கமான பாய்த்துண்டு ஒன்றைப் பந்துக்கு அடியில் வைத்து அடிக்கச் சொல்வார்கள். சிலருக்கு அது அவமானமாகப் படுகிறது. குளிரில் பெயர்ந்த புல் வசந்தம் வரை முளைக்காது, அதனால்தான்.

கடைசி கிரீனில் வெள்ளைக் கம்பி வேலியில் சாய்ந்தபடி ஊர்க்காரர்கள் சிலர் எப்போதும் நிற்பார்கள். பந்து உள்ளே விழுந்தால் தெரிந்தவர் தெரியாதவர் பார்க்காமல் கை தட்டுவார்கள். தொப்பியைத் தொட்டு ஒரு தலையசைப்பு போதும். பிறகு கொடிக் கம்பைத் திரும்பக் குழியில் நட்டுவிட்டுச் சீக்கிரம் நகருங்கள், பின்னால் அடுத்த குழு பாலத்தில் படமெடுத்து முடித்திருக்கும்.