டிரிபிள் பார்த்து டிசைன் போடும்போது சறுக்கும் இடங்கள்

புதிதாக வெப் டிசைன் வேலைக்கு வருகிறவர்களின் ஃபிக்மா (டிசைன் வரையும் மென்பொருள்) ஃபைல்கள் வாரம் தவறாமல் என் கண்ணில் படும். நாங்கள் ஆரம்பத்தில் சொதப்பிய அதே இடங்களில்தான் இவர்களும் சொதப்புகிறார்கள். "அப்படியே காப்பி அடிக்காதே", "பத்து நிறம் போடாதே" என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் மற்றவற்றுக்கு வருகிறேன்.

டிரிபிள் படத்தைத் தளம் என்று நம்புவது

டிசைனர்கள் தங்கள் வேலையைப் படமாகப் போட்டுக் காட்டும் டிரிபிள் (Dribbble) 2009-இல் வந்தபோது அங்கே போடும் படத்தின் அளவே 400-க்கு 300 பிக்சல்தான். கையில் இருக்கும் வேலையில் ஒரு துண்டை நண்பர்களுக்குக் காட்டும் இடம் அது. இன்றும் அங்கே பார்க்கும் பல முகப்புகளை யாரும் தளமாகக் கட்டியதே இல்லை. தேடியது கிடைக்காவிட்டால் திரையில் என்ன வரும், ஃபார்மில் போன் நம்பரைத் தப்பாகப் போட்டால் எச்சரிக்கை எங்கே தெரியும் என்பதற்கெல்லாம் அதில் விடை இருக்காது. அதற்கு மாபின் (Mobbin) என்ற தளத்தைப் பாருங்கள். நிஜமாக ஓடிக்கொண்டிருக்கும் ஆப்களின் திரைகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள்.

இங்கிலீஷில் வரைந்துவிட்டுத் தமிழை ஊற்றுவது

இத்தனை வருடம் ஆகியும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இதுதான். தமிழ்த் தளத்துக்கு வேலை எடுப்பார்கள். டிசைனர்கள் வேலையைக் காட்டும் இன்னொரு தளமான பிஹான்ஸில் பார்த்த லே-அவுட்டைப் போட்டு, சிசரோவின் லத்தீனைச் சிதைத்து உண்டான 'லோரம் இப்ஸம்' வரிகளை நிரப்பி, கிளையன்ட்டிடம் ஓகே வாங்கிவிடுவார்கள். தமிழ் கடைசியில் வரும்.

ஒரு கைத்தறிக் கடைக்கு இப்படித்தான் ஆனது. ஒரு தம்பி வரைந்த முகப்பில் 'பை டைரக்ட்' (Buy Direct) என்று இரண்டே வார்த்தை, 40 பிக்சலில், பளிச்சென்று. டெவலப்பர் கட்டி முடித்த பிறகு கடைக்காரர் வாசகத்தை அனுப்பினார்: "நெசவாளர்களிடமிருந்து நேரடியாக வாங்குங்கள்." நல்ல வாசகம். ஆனால் 360 பிக்சல் அகலமுள்ள போனில் முதல் வார்த்தையே அடங்கவில்லை. தமிழில் இடைவெளி இருக்கும் இடத்தில்தான் பிரவுசர் வரியை மடக்கும். ஆகவே வார்த்தை ஓரத்தைத் தாண்டி ஓடி, 'நெசவாளர்களி' என்று வெட்டுப்பட்டு நின்றது. எங்கே வேண்டுமானாலும் மடக்கு என்று சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் கோடில்) சொன்னதும் 'டமிருந்து' மட்டும் அடுத்த வரியில் அநாதையாக விழுந்தது.

அதோடு முடியவில்லை. டிசைனில் லைன்-ஹைட் (எழுத்து அளவுக்கு வரி உயரம் எத்தனை மடங்கு என்பது) 1.1. இங்கிலீஷ் தலைப்புக்கு அது அழகு. தமிழில் மேல் வரியின் 'து' கீழே இறங்க, கீழ் வரியின் 'டி' வளைவு மேலே ஏற, இரண்டும் இடித்துக்கொண்டன. தலைப்புக்கு 1.4, பத்திக்கு 1.7 என்று தொடங்கினால்தான் தமிழுக்கு மூச்சு விட முடியும்.

அப்புறம் எழுத்துரு. தம்பி போட்டிருந்தது பாப்பின்ஸ். அதில் தேவநாகரி உண்டு, தமிழ் கிடையாது. பிரவுசர் சத்தமில்லாமல் விண்டோஸில் நிர்மலா, ஐபோனில் தமிழ் சங்கம், ஆண்ட்ராய்டில் நோட்டோ என்று அங்கங்கே இருந்த தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொண்டது. ஒரே பக்கம், மூன்று முகம். சரி, தமிழ் உள்ளதை மாற்று என்றால் பவனம் எடுத்தான். அழகான எழுத்துதான், ஆனால் ஒரே தடிமன். போல்டு கேட்டதும் பிரவுசர் தானாகப் பூசித் தடிமனாக்கியதில் 'ழ', 'ணி' எல்லாம் சுழி அடைத்துப் போயின. காட்டமரான், நோட்டோ சான்ஸ் தமிழ் இரண்டிலும் ஒன்பது தடிமன் இருக்கிறது, அங்கிருந்து தொடங்கலாம்.

பட்டன் கதையும் இதே ரகம். முழுக்க இங்கிலீஷ் பெரிய எழுத்தில் (கேபிடல்) போட்டதால்தான் அந்த மாதிரி டிசைன்களில் பட்டன் தனியாகத் தெரிகிறது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்பதே இல்லையே! நிறத்தாலோ தடிமனாலோதான் வேறுபடுத்த வேண்டும்.

டெவலப்பர் மறுபடி கட்டியதற்கான காசு எங்கள் கையிலிருந்து போனது. முதல் நாளே கடைக்காரரிடம் பத்து வரி உண்மையான வாசகம் கேட்டிருந்தால் இவ்வளவும் மிச்சம். வாசகம் வரத் தாமதமானால் கடையின் பில், பை, விளம்பர நோட்டீஸ் எதிலாவது அச்சாகியிருக்கும் வரிகளைப் போடுங்கள். தமிழில் நீளமான வார்த்தை ஒன்றை எடுத்துச் சின்ன போன் திரையில் வைத்துப் பார்த்த பிறகு எழுத்து அளவை முடிவு செய்யுங்கள்.

வெளிர் சாம்பல் எழுத்து

வெள்ளைமேல் #999999 என்ற சாம்பல் நிறம் போட்டால் நிற வேறுபாட்டு விகிதம் 2.85 தான் வரும். சாதாரண அளவு எழுத்துக்கு அணுகல்தன்மை விதி (எல்லோராலும் படிக்க முடிய வேண்டும் என்பதற்கான WCAG) கேட்பது 4.5. #767676 வரை கருமையாக்கினால் தேறிவிடும். வெப்எய்ம் (WebAIM) தளத்தின் கான்ட்ராஸ்ட் செக்கரில் இரண்டு நிறத்தையும் போட்டால் உடனே சொல்லிவிடும். டிசைனரின் பெரிய மானிட்டரில் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று போனைப் பார்ப்பவருக்கு?

பின்டரெஸ்ட்டில் குவிப்பது

ஒவ்வொரு படத்துக்கும் கீழே எது பிடித்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். இடைவெளியா, நிறமா, படத்தை வெட்டிய விதமா? எழுத வரவில்லையா, நீக்கிவிடுங்கள்.

நாலு எம்பி பேனர்

படத்தைச் சுருக்கும் ஸ்கூஷ் (Squoosh) தளத்தில் போட்டு, எடை குறைந்த வெப்பி (WebP) வடிவமாக ஆக்குங்கள்.

அன்ஸ்பிளாஷ் படங்கள்

இலவசப் படத் தளமான அன்ஸ்பிளாஷில் எடுத்த வெளிநாட்டுச் சோபா கைத்தறிக் கடைக்கு எதற்கு? கடைக்காரரின் போனில் தறி படம் இருக்கும், கேளுங்கள்.

இலவச ஐகான்

உரிமத்தைப் படித்துவிட்டு எடுங்கள்.